நாலு சக்கரமும் இழுக்கணும்

மணவாளக்குறிச்சி
12 நவம்பர் 2023

என் நண்டுக்கு,

லீமா அக்கா எழுதுவது. எபிசன் என்று முழுப்பெயரும் போட்டால் யாரோ ஆபீசருக்கு எழுதுவது போல இருக்கிறது, அதனால் வீட்டுப் பெயரையே போட்டேன். உறையின் மேல் உன் பட்டாள நம்பரும் பெயரும் ஒழுங்காக எழுதியிருக்கிறேன், பயப்படாதே. அங்கே குளிரில் மூக்கில் ரத்தம் வந்தது நின்றதா? எனக்குக் கழுத்து வலி தவிர வேறு குறை இல்லை.

உன் அத்தான் போய் மூன்று மாதம் ஆகிறது. அடக்கத்துக்கு வர முடியாததை நினைத்து நீ சங்கடப்படுவதாகக் கோயம்புத்தூரில் இருந்து அபினா போனில் சொன்னாள். மலை இடிந்து ரோடு போய்விட்டால் நீ என்ன பறந்தா வருவாய்? அதை விடு.

ஷெட்டில் அவர் பாதியில் விட்ட கார் நிற்கிறது. பழைய வெள்ளை மாருதி. அதை முன்சக்கரம்தான் இழுக்கும், பின்சக்கரம் சும்மா கூட உருளும். கடற்கரையில் இறக்கினால் முன்சக்கரம் மணலைத் தோண்டிப் புதைந்துபோகும். நாலு சக்கரமும் இழுத்தால் ஏலம் நடக்கிற இடம் வரை போய் மீனை ஏற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிடலாம், உனக்குத் தலைச்சுமை வேண்டாம் என்று சொல்லித்தான் தொடங்கினார். இனி தலையில் ஒரு செம்பு தண்ணீர்கூட வைக்கக்கூடாது என்று டாக்டர் என் கழுத்தைப் பார்த்துச் சொன்ன மறுநாள் தொடங்கியது. கியர் பாக்ஸ் பக்கத்தில் வைக்கிற பெட்டியை முடித்துவிட்டார். முன்சக்கரத்துக்குப் போகிற இழுவையில் பாதியைத் திருப்பிப் பின்னால் அனுப்புகிற பெட்டி அது. ஆம்னி வேனின் பின் ஆக்சில் ஒன்றும் வாங்கிப் போட்டிருக்கிறார். அதைப் பொருத்தி, நடுவில் நீள ஷாஃப்ட் இணைக்க வேண்டும். நோட்டில் எல்லாம் வரைந்து வைத்திருக்கிறார்.

ஷெட் அவருடைய அண்ணன் மரியானுடையது. நேற்று வந்து நின்றார்.

"ஏட்டி லீமா, இத இரும்புக்காரனுக்கு தூக்கிக் குடுத்துட்டு மகளுக்க கூட கோயம்புத்தூருக்கு போ. எனக்கு வலை வைக்க ஷெட்டு வேணும்."

"வண்டிய முடிச்சிட்டு தாறேன்."

"யாரு முடிப்பா?"

"நானாக்கும்."

அவர் சிரித்த சிரிப்பில் ஷெட்டில் நின்ற கோழி எல்லாம் வெளியே ஓடியது. ஜூலை கடைசி வரை தவணை தந்திருக்கிறார். அதற்குள் இந்த வண்டி மணலில் இறங்கி ஏறாவிட்டால் நான் மீன் விற்பதை விட்டுவிட்டு அபினாவின் நாலாவது மாடியில் போய் உட்கார வேண்டியதுதான். பிள்ளை அன்பாகத்தான் கூப்பிடுகிறாள். ஆனால் அந்த வீட்டில் ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஜன்னல்.

நீ பட்டாளத்தில் நாலு சக்கரமும் இழுக்கிற லாரிகளைத்தானே ரிப்பேர் செய்கிறாய். இந்தக் காரை அப்படி மாற்றலாமா, கூடாதா? ஒரே வார்த்தை எழுது. குளிரில் காதை மூடிக்கொண்டு நட.

உன் அக்கா,
லீமா


முகாம்
9 டிசம்பர் 2023

அன்பு அக்கா,

உன் கடிதம் கோதுமை மாவு மூட்டைகளோடு வந்து இறங்கியது. உறையைத் தட்டினால் மாவு. மூக்கு சரியாகிவிட்டது, விரல் நுனிதான் மரத்துக் கிடக்கிறது. உன் கழுத்துக்கு எண்ணெய் போடுகிறாயா? இங்கே இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மூன்று நிமிஷம் போன் தருவார்கள். அது நம் இரண்டு பேருக்கும் அழத்தான் போதும். அதனால் காரைப் பற்றிக் கடிதத்தில் பேசுவோம்.

ஒரே வார்த்தை கேட்டாய். மாற்றலாம்.

ஆனால் இதை நன்றாகக் கேள். அத்தான் பெட்டியில் ஒரு லிவர் வைத்திருப்பார். அதைப் போட்டால் நாலு சக்கரமும் பூட்டிக்கொண்டு ஒன்றாக ஓடும். மணலில் அது நல்லது. தார் ரோட்டில் கூடாது. வண்டி திரும்பும்போது முன்சக்கரம் ஓடுகிற தூரமும் பின்சக்கரம் ஓடுகிற தூரமும் ஒன்றல்ல. மணலில் சக்கரம் சறுக்கிச் சமாளித்துக்கொள்ளும், தாரில் சறுக்க முடியாது, பெட்டிக்குள் பல் உடையும். இன்னொன்று, இப்படி மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்ட அனுமதி வேண்டும். அது கிடைக்கிற வரை கடற்கரையோடு நிறுத்திக்கொள். மணலில் இருந்து ரோட்டு ஓரம் வரை கார், அங்கிருந்து சந்தைக்கு ஆட்டோ.

நானே லீவில் வந்து செய்து தருகிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எனக்கு லீவு செப்டம்பரில்தான். உன் தவணை ஜூலை. அதனால் எழுதவில்லை.

அத்தான் இந்தப் பெட்டியைப் பற்றி ஒரு தடவை என்னிடம் பேசியிருக்கிறார். அது இருக்கட்டும்.

வண்டியை யார் ஓட்டப்போகிறார்கள்?

மருந்தை நிறுத்தாதே.
தம்பி,
எபிசன்


மணவாளக்குறிச்சி
2 ஜனவரி 2024

நண்டு மக்கா,

உனக்கும் உன் கூட இருக்கிறவர்களுக்கும் புது வருஷம் நன்றாக இருக்கட்டும். விரலுக்கு நல்லெண்ணெய் தேய். இந்தக் கிறிஸ்மஸுக்கு வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரி ஷைஜா கேட்காமல் ஒரு நட்சத்திரம் வாங்கி ஷெட்டுக்குள் காரின் கண்ணாடிக்கு மேல் கட்டிவிட்டாள். "அக்கா, துக்கம் வீட்டுக்குத்தானே, வண்டிக்கு என்ன?" என்றாள். நானும் அவிழ்க்கவில்லை.

லேத்துப் பட்டறை ரசலையன் அண்ணன் வேலைக்கு ஒத்துக்கொண்டார். வெல்டிங்கும் அவரே. "ஞானதாசனுக்க வண்டின்னா நான் செய்யாம யாரு செய்வா" என்று சொல்லிவிட்டு, நோட்டை ஒரு மணி நேரம் புரட்டினார். எல்லாம் புரிந்தது. ஒரு படம் மட்டும் இடிக்கிறது. பின் ஆக்சிலை உன் அத்தான் தலைகீழாக வரைந்திருக்கிறார். வேனில் எது மேலே இருக்குமோ அது கீழே. ரசலையன் அண்ணன் சொல்கிறார், "மக்கா, அவன் கண்ணாடி போடாம வரஞ்சிருப்பான்." அவர் கண்ணாடியைத் தேடித் திரிகிற ஆள்தான் என்பதால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வேனில் இருந்தது போலவே நேராக வைத்துப் பொருத்துகிறோம். சரிதானே? உன் பதில் வரும் வரை காத்திருக்கலாம் என்றால் அவருக்கு இந்த மாதம்தான் கை ஓய்வு.

நான் சும்மா நிற்கவில்லை. துருவைச் சுரண்டுவது, போல்ட்டைக் கழுவுவது, விளக்குப் பிடிப்பது எல்லாம் நான்தான். செவ்வாயும் வியாழனும் காலையில் மட்டும் நாகர்கோவிலுக்குப் போகிற ஒரு வேலை இருக்கிறது.

சூடாகச் சாப்பிடு.
லீமா


மணவாளக்குறிச்சி
5 பிப்ரவரி 2024

நண்டுக்கு,

உன் பதிலைக் காணவில்லை. பனி அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறேன், உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று இரண்டு வரி போட்டால் போதும். என் கழுத்து பரவாயில்லை. சிரித்ததில்தான் வயிறு வலிக்கிறது.

போன சனிக்கிழமை ஆக்சில் ஏறியது, ஷாஃப்ட் இணைந்தது. ரசலையன் அண்ணன் வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தார். முன்சக்கரம் மட்டும் ஓடியபோது வண்டி ஒரு சாண் முன்னே வந்தது. லிவரைப் போட்டு கிளச்சை விட்டார். வண்டி நின்ற இடத்தில் நின்றுகொண்டு உறுமுகிறது, நடுங்குகிறது. முன்சக்கரம் மண்ணை வாரிப் பின்னால் வீசுகிறது, பின்சக்கரம் மண்ணை வாரி முன்னால் வீசுகிறது. குனிந்து பார்த்தால் முன்சக்கரம் முன்னுக்கு, பின்சக்கரம் பின்னுக்கு.

ரசலையன் அண்ணனுக்கு வாய் மூடவில்லை. ஷைஜா கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "அக்கா, இது நம்ம கோயிலுக்க அன்பியம் கூட்டம் மாதிரியில்லா இருக்கு. பாதிப்பேரு முன்ன இழுக்கான், பாதிப்பேரு பின்ன இழுக்கான், கூட்டம் மட்டும் எழும்பல்ல."

ஷெட்டில் சிமெண்ட் போடாதது நல்லதாய்ப் போயிற்று. மண் என்பதால் பல் தப்பித்தது. சத்தம் கேட்டு மரியான் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, நாள் எண்ணுவது போல விரலை மடக்கிக்கொண்டே போனார்.

இது ஏன் இப்படி? பதில் எழுது.
லீமா


முகாம்
18 பிப்ரவரி 2024

அன்பு அக்கா,

எல்லாரும் சுகம். ஒன்றரை மாதம் ஒன்றும் வரவில்லை, போகவில்லை. இன்று உன் ஜனவரி இரண்டாம் தேதிக் கடிதம் வந்தது, ஹெலிகாப்டர் நிற்கும்போதே இதை எழுதுகிறேன்.

ஆக்சிலை நேராக வைக்காதே. அத்தான் வரைந்தது சரி. அவருடைய பெட்டி ஷாஃப்ட்டைச் சுற்றுகிற திசை வேன் எஞ்சின் சுற்றுகிற திசைக்கு எதிர். ஆக்சிலை நேராக வைத்தால் பின்சக்கரம் பின்னோக்கி ஓடும். தலைகீழாகக் கவிழ்த்தால் உள்ளே கிரௌன் பல் மறுபக்கம் போய்விடும், திசை சரியாகிவிடும். ஸ்பிரிங் உட்கார்கிற தட்டுகளை வெட்டி எதிர்ப்பக்கம் வைத்து ஒட்ட வேண்டும். ஆக்சில் மேல் மூச்சு ஓட்டை ஒன்று உண்டு. கவிழ்த்ததும் அது அடியில் வரும், ஆயில் ஒழுகும். அதை அடைத்துவிட்டு மேலே புது ஓட்டை போடச் சொல். நோட்டில் அதற்கும் அவர் ஏதாவது குறித்திருப்பார், பார். பின்னால் லேசான இரைச்சல் வரும். நீ போகிற வேகத்துக்கு அது போதும்.

இந்தக் கடிதம் வருவதற்குள் நீங்கள் பொருத்தியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

யார் ஓட்டுவார் என்று கேட்டிருந்தேன்.

தம்பி


மணவாளக்குறிச்சி
20 மார்ச் 2024

நண்டுக்கு,

நீ நம்பினது நடக்கவில்லை என்று இதற்குள் பிப்ரவரிக் கடிதத்தில் படித்திருப்பாய். சிரித்தாயா? உங்கள் முகாமில் சிரிக்க ஏதாவது உண்டா?

உன் கடிதத்தை ரசலையன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் நோட்டை எடுத்து அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தார். ஒரு மூலையில் சின்ன வட்டம் போட்டு 'மூச்சு' என்று உன் அத்தான் எழுதியிருக்கிறார். நாங்கள் அதை ஏதோ மருந்துக் கணக்கு என்று விட்டுவிட்டோம். ரசலையன் அண்ணன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார், போட்டோவுக்கு முன்னால் நின்றார். "லேய் ஞானதாசா, கண்ணாடி எனக்குத்தான்லே வேணும்" என்றார். போய்விட்டார்.

எல்லாவற்றையும் அவிழ்த்துக் கவிழ்த்துப் பொருத்த இருபது நாள் ஆனது. தவக்காலம் என்பதால் எனக்கு மீன் சாப்பாடும் இல்லை, மீன் விற்பது மட்டும்தான். ஷைஜா வள்ளம் கரை அணைகிற இடத்தில் நின்று கொஞ்சம் சாளை மீன் எடுத்து ரோட்டுக்குக் கொண்டு தருகிறாள். அவளுக்குத் தையல் இருக்கிறது, எத்தனை நாள் செய்வாள்?

இப்போது வண்டியைத் தூக்கி வைத்து ஓட்டினால் நாலு சக்கரமும் முன்னுக்கே சுற்றுகிறது. மணலில் இறக்கலாமா? நீ சொல்லாமல் இறக்க மாட்டேன், ஒரு தடவை பட்டது போதும். இடது காலில் முட்டிக்குக் கீழே ஒரு பிடிப்பு இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை.

உயிர்ப்பு ஞாயிறுக்கு உனக்கு என்ன தருவார்கள்?
லீமா


முகாம்
14 ஏப்ரல் 2024

அன்பு அக்கா,

உயிர்ப்பு ஞாயிறுக்கு டின்னில் அடைத்த பழம் தந்தார்கள். உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. அன்பியம் கூட்டத்தை இங்கே மொழிபெயர்த்துச் சொன்னேன், மூன்று மாநிலத்து ஆட்கள் சிரித்தார்கள். எல்லா ஊரிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

இறக்குவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. முன்னும் பின்னும் ஒரே எண்ணிக்கையில் சுற்ற வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் இரண்டும் ஒன்றையொன்று பிய்க்கும். அது அத்தான் பெட்டிக்குள் போட்டிருக்கிற பல்லைப் பொறுத்தது. அவர் சரியாக எண்ணிப் போட்டாரா என்று நாம் பார்க்க வேண்டும். நாலு சக்கரத்தையும் தரையில் படாமல் தூக்கி வை. எஞ்சின் வேண்டாம், கியரும் வேண்டாம், லிவர் மட்டும் போடு. இடது பக்கம் இரண்டு சக்கரத்தையும் கயிற்றால் அசையாமல் கட்டு. வலது முன்சக்கரத்தைக் கையால் ஐம்பது சுற்றுச் சுற்று. வலது பின்சக்கரம் எத்தனை சுற்று வருகிறது என்று இன்னொருவர் எண்ணட்டும். ஐம்பது வந்தால் கடற்கரைக்குப் போ. வராவிட்டால் எழுது.

இடது காலில் ஏன் பிடிப்பு? யார் ஓட்டுவது? ரசலையன் அண்ணனா?

தம்பி


மணவாளக்குறிச்சி
6 மே 2024

நண்டுக்கு,

சுகம்தானே. இங்கே சுகம்.

நீ சொன்னபடி செய்தோம். முன்சக்கரத்தை நான் சுற்றினேன். பின்சக்கரத்துக்கு ஷைஜா துணியில் கோடு போடுகிற கட்டியால் சுவரில் கோடு போட்டாள். முன்னால் ஐம்பது. பின்னால் ஐம்பத்து நாலு. இன்னொரு தடவையும் செய்தோம். அப்போதும் ஐம்பத்து நாலு.

ரசலையன் அண்ணன் பெட்டியைப் பார்த்தபடி நின்றார். "ஆளு பாவம். கணக்கு தப்பிட்டு மக்கா" என்று சொன்னார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். இந்தப் பல்லை மாற்ற வேண்டுமென்றால் பெட்டியையே புதிதாகச் செய்ய வேண்டும், அதற்கு உன் அத்தானைப் போல ஆள் வேண்டும் என்கிறார்.

உன் அத்தான் வள்ளத்து எஞ்சினில் ஒரு நூல் அளவு தப்பினாலும் விட மாட்டார். இதில் எப்படித் தப்பினார் என்று தெரியவில்லை.

மரியான் அண்ணன் வந்து ஷெட்டின் அகலத்தைக் காலால் அளந்துவிட்டுப் போனார். அபினா எனக்கு ஒரு அறை ஒதுக்கிப் பெயிண்ட் அடித்திருப்பதாகச் சொன்னாள்.

லீமா


முகாம்
25 மே 2024

அக்கா,

நான் சுகம். நாலு சுற்று வித்தியாசம் பெரிய வித்தியாசம். மணலில்கூட ஓட்டாதே. முன்னும் பின்னும் சண்டை போட்டு ஷாஃப்ட் முறியும், உனக்கு அடிபடும். பெட்டியைக் கழற்றி வைத்துவிடு. இரும்புக்காரனுக்குக் கொடுக்க வேண்டாம், செப்டம்பரில் நான் வந்து பார்க்கிறேன். அதுவரை கோயம்புத்தூரில் இரு. உடம்பைப் பார்த்துக்கொள்.

எபிசன்


முகாம்
30 மே 2024

அன்பு அக்கா,

முந்தின கடிதம் முதலில் வந்தால் அதைக் கிழித்துப் போடு. இது முதலில் வந்தால் அது வரும்போது கிழித்துப் போடு.

இங்கே சாயங்காலங்களில் நாங்கள் ஆறு பேர் கூடிச் செபமாலை சொல்வோம். நேற்று கோட்டயத்துக்காரன் ஒருவனுடைய மாலை அறுந்து மணி எல்லாம் தரையில் சிதறியது. என்னிடம்தான் கோக்கத் தந்தார்கள், மெக்கானிக் அல்லவா. ஒன்றும் தொலையவில்லையே என்று தெரிந்துகொள்ள எண்ணிக் கோத்தேன். பத்துப் பத்தாக ஐந்து, அருள்நிறை மந்திரத்துக்கு ஐம்பது மணி. நடுவில் பரலோக மந்திரத்துக்கு நாலு பெரிய மணி. வட்டத்தில் மொத்தம் ஐம்பத்து நாலு.

அக்கா, நீ முன்சக்கரத்தை எதை வைத்து எண்ணினாய்?

நீ விரலால் எண்ணினால் இருபதுக்கு மேல் தப்பிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அம்மா காலத்தில் இருந்து ஏலத்தில் பெட்டி எண்ணுவதும் நீ கழுத்தில் கிடக்கிற மாலையில்தான். ஒரு மாலை என்றால் உன் கணக்கில் ஐம்பது. ஆனால் சுற்றுக்கு ஒரு மணியாகத் தள்ளிக்கொண்டே போனால் பெரிய மணியையும் சேர்த்துத் தள்ளியிருப்பாய். அப்படியென்றால் நீ சுற்றியதும் ஐம்பத்து நாலுதான். ஷைஜா போட்ட கோடு சரி. அத்தான் போட்ட பல்லும் சரி.

நான் உன்னிடம் மறைத்தது ஒன்று உண்டு. போன வருஷம் அத்தான் இந்த யோசனையை என்னிடம் சொன்னபோது நான் சிரித்தேன். வீட்டு ஷெட்டில் வைத்து இதெல்லாம் நடக்காது, கணக்கு இடிக்கும், விட்டுவிடுங்கள் என்றேன். அவர் சரி மக்கா என்று போனை வைத்தார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் வண்டிப் பேச்சு பேசவே இல்லை. ஐம்பத்து நாலு என்று நீ எழுதினதும் நான் சொன்னதுதானே என்று மனசில் ஒரு நிமிஷம் தோன்றியது. அந்தக் கடிதத்தைத்தான் கிழிக்கச் சொல்கிறேன்.

இன்னொரு தடவை எண்ணு. ஷைஜாவை இரண்டு பக்கமும் கோடு போடச் சொல்.

தம்பி,
நண்டு


மணவாளக்குறிச்சி
16 ஜூன் 2024

நண்டு, என் பொன்னு மக்கா,

நீ கோபமாக எழுதினது வெள்ளிக்கிழமை வந்தது. செபமாலைக் கடிதம் சனிக்கிழமை வந்தது. நடுவில் ஒரு நாள் நான் பெட்டி கட்டினேன். புடவை எல்லாம் மடித்து வைத்தாகிவிட்டது. சனிக்கிழமை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டேன், இப்போது எது எங்கே என்று தெரியவில்லை.

மாலையில்தான் எண்ணினேன். வேறு எதில் எண்ணுவேன்?

ஷைஜா சுவரில் இரண்டு வரிசை கோடு போட்டாள். முன்னால் ஐம்பது, பின்னால் ஐம்பது. மூன்று தடவை செய்தோம். ஷைஜா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாலு பரலோக மந்திரத்தால ஒரு வண்டிய இரும்புக்கு போட இருந்தோமே அக்கா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பங்குச் சாமியாரிடமும் சொல்லிவிட்டாள். அவர் அதை ஞாயிறு பிரசங்கத்தில் சொல்லி, பெரிய மணியை யாரும் மறக்கக்கூடாது என்று முடித்தார். கோயில் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

ரசலையன் அண்ணன் மறுபடியும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போட்டோவுக்கு முன்னால் வந்தார். "அடிக்கடி இப்பிடி வந்தா எனக்க பட்டறைய யாரு பாப்பா" என்று அவரே சொல்லிக்கொண்டார். அவர்கள் போன பிறகு நான் அந்தப் பெட்டியைத் துணியால் துடைத்து வைத்தேன்.

உன் அத்தானிடம் நீ சொன்னதைப் பற்றி எழுதியிருந்தாய். போனை வைத்துவிட்டு அவர் வந்து என்ன சொன்னார் தெரியுமா? "நண்டு சொல்லுதான், கணக்கு இடிக்குமாம். அவன் சொன்னா சும்மா இருக்காது" என்று சொல்லிவிட்டு ஏற்கெனவே போட்ட பல்லைக் கழற்றி மறுபடி எண்ணினார். நீ அன்று சிரிக்காவிட்டால் இந்தப் பல் இல்லை. இதை மனசில் வைத்துக்கொண்டு தூங்கு.

கடல் இரைச்சலாக இருக்கிறது. அலை கொஞ்சம் அடங்கட்டும், பிறகு இறக்குகிறோம். முழங்கால்வரை கம்பளி போடு.

லீமா


மணவாளக்குறிச்சி
4 ஆகஸ்ட் 2024

நண்டுக்கு,

நீ சுகமாக இருப்பாய், லீவு கிடைத்த சந்தோஷத்தில் இருப்பாய் என்று நினைக்கிறேன். என் கழுத்துக்கு இந்த வாரம் வலியே இல்லை.

யார் ஓட்டுவார் என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். நான் பதில் எழுதவில்லை. எழுதினால் வேண்டாம் அக்கா என்பாய், நீ சொன்னால் நான் நிறுத்திவிடுவேன், அதனால்தான். செவ்வாயும் வியாழனும் நாகர்கோவிலில் நான் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். முதல் நாள் அங்கே கேட்டார்கள், "அம்மா, இதுக்கு முன்ன ஸ்கூட்டர் ஏதாவது ஓட்டியிருக்கியளா?" "ஆள விலக்கிட்டு மீன்கூடையோட ஓடியிருக்கேன்" என்றேன். கிளச்சை மிதித்து மிதித்துத்தான் இடது கால் பிடித்துக்கொண்டது. இரண்டு தடவை தோற்றேன். மூன்றாவது தடவை லைசென்ஸ் தந்தார்கள். போட்டோவில் நான் யாரையோ சண்டைக்குக் கூப்பிடுவது போல இருக்கிறேன்.

ஜூலை முப்பத்தொன்றாம் தேதி, தவணையின் கடைசி நாள், விடிந்ததும் வண்டியை இறக்கினேன். வள்ளங்கள் கரை அணைந்துகொண்டிருந்தன. கரையில் நின்றவர்கள் எல்லாரும் இதைப் பார்க்கத்தான் நின்றார்கள், மீனைப் பார்க்க ஆள் இல்லை. மரியான் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இறக்கத்தில் நன்றாகப் போனேன். ஏலத்தில் சாளை ஏழு பெட்டி எடுத்து, ஷைஜாவும் நானும் வண்டியில் ஏற்றினோம். திருப்பிக் கிளப்பினேன். முன்சக்கரம் மணலைத் தோண்டிக்கொண்டு இறங்கிவிட்டது. வண்டி ஒரு முழம் தாழ்ந்தது. "ஏட்டி, நான் சொன்னனா இல்லியா" என்று மரியான் அண்ணன் சொன்னது எனக்குக் கேட்டது. தள்ளுவதற்கு நாலு பேர் சிரித்துக்கொண்டே ஓடி வந்தார்கள்.

அப்போதுதான் பார்த்தேன், லிவரைப் போடவே இல்லை.

போட்டேன். கிளச்சைப் பைய விட்டேன். பின்னால் இருந்து யாரோ கை கொடுத்துத் தூக்கினது போல இருந்தது மக்கா. வண்டி குழியில் இருந்து எழும்பி மேலே நடந்தது. தள்ள வந்தவர்கள் நீட்டின கையோடு நின்றார்கள். ஒருவர் கும்பிட விழுந்தது போல மணலில் விழுந்தார். பெயர் எழுத மாட்டேன், அவருடைய வள்ளத்து மீன்தான் என் வண்டியில் இருந்தது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி கிளப்பத் தெரியுமோ என்று பயம். ரோட்டு ஓரம் வரை ஒரே மூச்சு.

மரியான் அண்ணன் பின்னாலேயே நடந்து வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "வலைய நான் மாமரத்துக்கு கீழ போட்டுக்கிடுதேன்" என்றார். பிறகு, "நாளைக்கு எனக்க பெட்டி ரெண்டையும் இதுல ஏத்துவியா?" என்று கேட்டார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை, சும்மா சொன்னேன்.

அபினாவிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் அழுதாள், பிறகு வண்டியில் நான் இருக்கிற போட்டோ கேட்டாள். இருபதாம் தேதி அவர் போய் ஒரு வருஷம், கோயிலில் ஆண்டுப் பலி. செப்டம்பரில் நீ வரும்போது ரயிலடிக்கு வண்டி கொண்டு வர முடியாது, அது மணலுக்கு மட்டும் என்று நீதான் சொன்னாய். கரையில் ஏற்றிக் காட்டுகிறேன்.

கர்த்தர் உன்னைப் பத்திரமாக இறக்கட்டும்.
உன் அக்கா,
லீமா

பெயருக்குக் கீழே தாளில் இடம் இருக்கிறது, அதனால் இதையும் எழுதுகிறேன். அன்று ரோட்டில் எஞ்சினை நிறுத்தின பிறகு கையை ஸ்டியரிங்கில் இருந்து எடுக்க மனசு வரவில்லை. பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். அதில் சாளைப் பெட்டி இருந்தது. அவர் இருந்திருந்தால் அவர்தான் ஓட்டியிருப்பார், நான் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பேன். அதுவும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும். அவர் வேண்டும் என்றுதான் இப்போதும் கேட்கிறேன். ஆனாலும் இந்தச் சந்தோஷம் வேறு. வீட்டுக்கு வெளியே வண்டிப் பேச்சு அவர் உன்னிடம்தான் முதலில் பேசினார், அதனால் உன்னிடம் கேட்கிறேன். சொல்லு மக்கா, அவரு இருந்திருந்தா, ஒரு நாளாவது அந்த ஸ்டியரிங்க எனக்க கையில தந்திருப்பாரா?